பித்தளையில் இரண்டு பெயர்

ஓசூர்
3.6.2025

அன்புள்ள ரேவதிக்கு,

நலம்தானே? அத்தைக்குக் கால் வீக்கம் குறைந்ததா? என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். கட்டிய மனைவிக்கே தபால் எழுதும் நிலைமை எனக்கு!

நம் பட்டறையிலிருந்து கம்ப்ரசர் கம்பெனிக்கு அனுப்பிய பித்தளை நேம் பிளேட் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. உன் தடித்த பழைய எழுத்து ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி இருக்கிறதே என்று, நாகரிகமாக மெல்லிய எழுத்தில் போட்டேன். பாதி எழுத்தைக் காணோம். பழைய எழுத்தின் ஃபாண்ட் உன் லேப்டாப்பில்தான் இருக்கிறது. உடனே அனுப்பு. அப்படியே நீயும் கிளம்பி வா. கோபத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அன்புடன்,
சுரேந்தர்

சாமல்பட்டி
7.6.2025

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

அம்மா நலம். நீங்கள் கேட்ட எழுத்து இதோடு உள்ள பென் டிரைவில் இருக்கிறது.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எழுத்து மட்டும் மேடாக நிற்க, சுற்றியுள்ள பித்தளையை ஆசிட் தின்ன வேண்டும். கோடு மெல்லிசாக இருந்தால் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். இந்த எழுத்து அலட்டிக்கொள்ளாது. அடியில் அகலமாகப் பாதம் ஊன்றி நிற்கும். கிரீஸ் படிந்தாலும் 3 வேறு, 8 வேறு என்று தெரியும். மெஷினுக்குப் போடலாம், மாங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கும் போடலாம். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் வேண்டாம், சண்டைக்கு நிற்பது போல் இருக்கும்.

நான்தான் தேடித் தேடி, ஒவ்வொன்றாக ஆசிட்டில் போட்டுப் பார்த்து இதை எடுத்தேன். கம்ப்ரசர் கம்பெனி மேனேஜர் பாராட்டியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நம்ம செலக்‌ஷன்தான் சார்!" நான் பக்கத்தில் டீ டிரேயோடு நின்றேன். "இவங்க?" என்று கேட்டார். "நம்ம வீட்ல" என்றீர்கள். கோபம் அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை. என் பெயர் வெளியே தெரிந்தால் திரும்பி வருகிறேன்.

ரேவதி

ஓசூர்
16.6.2025

அன்புள்ள ரேவதிக்கு,

பிளேட் எல்லாம் பாஸ். "என் மனைவி ரேவதி எடுத்த எழுத்து" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், போதுமா?

அதோடு விடவில்லை. பட்டறை வாசலுக்கு நம் இரண்டு பேர் பெயரையும் போட்டு நானே பிளேட் செய்தேன். உன் பெயர்தான் மேலே! எனக்கு அந்தத் தடித்த எழுத்து. பெண் பெயராயிற்றே என்று உனக்கு மட்டும் மெல்லிய, அழகான எழுத்து. ஆசிட் கொஞ்சம் தின்றுவிட்டது. அங்கே பெயிண்ட் தொட்டிருக்கிறேன், யாருக்கும் தெரியாது. இதோடு அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து உன் கையாலேயே மாட்டு.

அன்புடன்,
சுரேந்தர்

சாமல்பட்டி
20.6.2025

சுரேந்தர் அவர்களுக்கு,

பிளேட் வந்தது. அம்மா வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள பேரு நல்லா எடுப்பா இருக்குது. உன் பேரு எங்க கண்ணு?" என்று கேட்டாள்.

கம்பெனிக்காரருக்குப் பழுதானதை மாற்றிப் புதிதாகச் செய்து கொடுத்தீர்கள். எனக்குப் பெயிண்ட் தொட்டு அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதேன்.

மேனேஜரிடம் சொன்னதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு லேபிள் பட்டறையில் திங்கள் முதல் வேலைக்குப் போகிறேன். பென் டிரைவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பெயிண்டைத் துடைத்துவிட்டேன். வாசலில் மாட்டிக்கொள்ளுங்கள், உங்கள் பெயர் தெளிவாகத் தெரிகிறது.

ரேவதி