மருந்தைப் பங்கு போட்டவளுக்கு

இன்று ஆயுர்வேத ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்ததுமே எண்ணெய் காய்ச்சுகிற வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்புதான். "சீ, கருகின கடுகு மாதிரி" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாயே. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. டாக்டரம்மா ஃபோனில் வரச் சொன்னதால் போனேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, பஸ் ஏறக்கூடத் தோன்றாமல் கரமனை வரைக்கும் நடந்தே வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் நாகர்கோவில், நீ வள்ளியூர். இந்த மலையாளத்து ஊருக்குப் பிழைக்க வந்து, சாலை பஜார் துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே சேலை விரித்தோம். முதலில் உனக்கு இடுப்பு பிடித்தது, பின்னாலேயே எனக்கும். ஸ்கேன் எடுத்தால், இரண்டு பேருக்குமே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். எனக்கு வலி வலது கால் வரை இறங்கியிருந்தது. குறையாவிட்டால் ஆபரேஷன் என்று வேறு சொல்லிவிட்டார்கள். நிற்க முடியாதவளைக் கடையில் யார் வைத்திருப்பார்கள்? அந்தப் பயத்தில் இருந்தபோதுதான், முதுகுவலிக்கு மூலிகை மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினோம்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். சிலருக்கு மூலிகை நிறைத்த கேப்சூல், சிலருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. எல்லோருடைய ஆய்வும் முடிந்த பிறகுதான் தெரியவரும். "அப்போ சாமிக்குத்தான் வெளிச்சம்" என்றாய் நீ. ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் நீ ஏணியில் ஏறி மேல்தட்டுக் கட்டுகளை இறக்கத் தொடங்கினாய். நானோ கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு நிஜ மருந்து, எனக்கு மாவு என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். பொறாமையாக இருந்தது எனக்கு, இப்போது சொன்னால் என்ன! ஒரு மதியம் குடோனில் சாப்பிட உட்கார்ந்தபோது, குனிய முடியாமல் அழுதுவிட்டேன். நீ என் டப்பாவையும் உன் டப்பாவையும் டிபன் மூடியில் கவிழ்த்துக் கலக்கி, மீன் வறுவலைப் பங்கு வைக்கிற அதே கையால் பாதிப் பாதியாகப் பிரித்தாய்.

"ஏட்டி, கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா" என்றேன்.

"சும்மா கெட. ஒனக்கு இல்லாத மருந்து எனக்கு மட்டும் என்னத்துக்குட்டி?"

ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். "மருந்து முறையா கழிச்சோ சேச்சி?" என்று, ஒழுங்காகச் சாப்பிட்டோமா என்பதை டாக்டரம்மா தன் மலையாளத்தில் கேட்டதுதான் தாமதம். "ரெண்டு பேரும் ஒண்ணுபோல பங்கு வச்சுக் கழிச்சு டாக்டரே" என்று பெருமையாகச் சொன்னாய். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எந்து பணியா சேச்சி இது! மருந்தென்ன சோறா, பங்கு வைக்கான்? இனி உங்க ரெண்டு பேரையும் கணக்கில கூட்டான் பற்றில்லல்லோ."

அதோடு நம்மைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உனக்கோ திரும்பி வந்தது. எண்ணெய் தேய்த்தார்கள், பெல்ட் கட்டினார்கள், ஆனாலும் கடைசி வரை இடுப்பில் கை வைத்தபடிதான் நடந்தாய். பிறகு அந்த மழையில் காய்ச்சல் கண்டு, போயே போய்விட்டாய். உன் மருந்தை நான் தின்றுவிட்டேன் என்ற நினைப்பு அன்றிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. நோவில்லாமல் குனிந்து சேலை எடுக்கும்போதெல்லாம் உன் முகம் வரும்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்று இப்போது பார்த்துவிட்டார்களாம். என் டப்பாவில் இருந்ததுதான் மருந்து. உன்னுடையது மாவு.

திரும்பத் திரும்பக் கேட்டேன். "அதே சேச்சி, உறப்பாயிட்டும்" என்று அடித்துச் சொன்னார் டாக்டரம்மா. அப்படியானால் என் வலி போனது அந்த மருந்தாலா என்றேன். சிரித்தார். "ரெண்டு பேரை வச்சு ஒண்ணும் சொல்லான் பற்றில்ல. சிலருக்கு டிஸ்க் தானாவே சரியாகும்."

எதுவோ ஆகட்டும். உன் பங்கை நான் பறிக்கவில்லை. இருந்த மருந்தில் பாதி உன் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா?

மாவைத் தின்றுவிட்டு ஏணி ஏறியவளே, நீ இருந்திருந்தால் கடையே அதிர உன்னைக் கேலி செய்திருப்பேன். ஆனால் அன்று குடோனில் உனக்கு இதெல்லாம் தெரியாதே. உன் இடுப்பை நிமிர்த்தியது அந்த டப்பாதான் என்று முழுசாக நம்பியிருந்தாய். நம்பிக்கொண்டேதான் அதில் பாதியை என் பக்கம் தள்ளினாய்.