உன் தை, என் மார்கழி

என் செல்லத் தங்கச்சி மணிக்கு,

இன்று தை முதல் நாள். காலை ஒன்பது மணியாகியும் இந்தப் பனி நாட்டில், நான் இருக்கும் வெஸ்ட்லியில், இன்னும் சரியாக வெளிக்கவில்லை. இந்த முறை வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன. இதை நான் யாரிடம் சொல்ல?

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஆண்டு பிறப்பது தையிலா சித்திரையிலா என்று மற்றவர்கள் எழுதுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த வழக்கு எதற்கு? நின்றதும் உன்னால்தான். உன்னைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேண்டும் என்று எங்களைப் பெற்ற ஐயா என்னைப் பள்ளிக்குப் போகாமல் மறித்தார். நீ படித்தாய். நான் மறக்கவில்லை.

அந்தத் தையையும் மறக்கவில்லை. எங்கள் ஐயா வாக்கியம் பார்த்தவர். நீ கலியாணம் கட்டிப் போன வீட்டில் திருக்கணிதம். சூரியன் மகரத்துக்குள் போவது உன் கணக்கில் பகலில், என் கணக்கில் பொழுதுபட்ட பிறகு. அதனால் உனக்கு அன்று பொங்கல், எனக்கு மறுநாள். நீ ஹவுகன்ஸ்டுவாவில் உன் வீட்டில் பொங்கி, பனிக்குள் பஸ் ஏறி, சூடு ஆறாமல் சட்டியைத் துவாய்த் துணியால் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய்.

“அக்கா, தை பிறந்திட்டுது. சூட்டோட சாப்பிடு.”

“உனக்குப் பிறந்திருக்கும். எனக்கு இண்டைக்கு மார்கழி. கொண்டு போ.”

“சூரியனே இஞ்சை எட்டிப் பாக்கேல்லை. நீ அதுக்கு நேரம் பாக்கிறாய்” என்று சிரித்தாய். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. உள்ளே வா என்றுகூட நான் சொல்லவில்லை.

நீதான் முதலில் கூப்பிடவேண்டும் என்று இருந்தேன். நீயும் என் தங்கச்சிதானே, நீயும் அப்படியே இருந்தாய். இரண்டு தை போனது. ஐப்பசியில் உன் மகள் சுகந்தி ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்தாள். ஓடி வந்தேன். நீ கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாய்.

“கொம்மா என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ?” என்று அவளைக் கேட்டேன்.

“இல்லைப் பெரியம்மா.”

ஒரு ஏச்சாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா?

போன கிழமை சுகந்தியிடம், இந்த முறை நான் பொங்கப் போவதில்லை என்றேன்.

“அம்மாவின்ரை சாவுத் துடக்கு எங்களுக்குத்தான். ஒரு வருசம் நாங்கள் பொங்கேலாது. உங்களுக்கு என்ன? அவ கட்டிக் குடுத்த பிள்ளை, வேறை வீட்டு ஆள். நீங்கள் பொங்குங்கோ, பெரியம்மா. முறை தவறாத ஆளெல்லோ?”

சரியாகத்தான் குத்தினாள். இதே முறையைச் சொல்லி எத்தனை பேரின் வாயை அடைத்திருப்பேன். இப்போது உனக்காக ஒரு அடுப்பை மூட்டாமல் விடவும் எனக்கு உரிமை இல்லை.

அந்தத் தைக்கு நாள் என்னுடையதுதான் சரி, மணி. உனக்காகவும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டால் தருவதற்கு நீ இல்லை. ஆனால், நீ பெற்ற பிள்ளைகள் காக்கிற அந்த ஒரு வருடத்தை நானும் காப்பேன். யாரும் இதைத் துடக்கு என்று ஏற்கப்போவதில்லை. உன்னிடம் வந்து சேராது என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் காப்பேன்.

ஐயாவின் மூத்தவள்,
உன் அக்கா