இன்ஸ்பெக்‌ஷன் அன்று வர வேண்டாதவர்கள்

காஞ்சிபுரம்
16.2.1969

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பா, நான், தம்பி மூவரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஜபல்பூரில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன், விட்டாலும் கம்பளியை அதற்குள் பெட்டியில் போட்டுவிடாதே. தம்பிக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்குகிறது, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரேடியோவுக்குக் காது கொடுக்கிறான். கோயிலுக்குப் போய்வந்து இப்போதுதான் உட்கார்ந்தேன், அடுப்பில் குழம்பு இருக்கிறது, நடுவில் எழுத்து கோணினால் குழம்பைப் பார்க்க எழுந்தேன் என்று நினைத்துக்கொள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மா தானாகவே கூப்பிட்டு, நர்சுகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டியூட்டர் படிப்புக்கு மனுப் போடச் சொன்னார்கள் என்றும், எனக்கு அதெல்லாம் வராது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று நீ மனுப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்றும் இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய். மார்ச் பத்து கடைசித் தேதியாம். அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க கோதுமை மாவு பற்றி. அந்த இரண்டு வரியை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அப்பா, பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னா வுட்டுடேன், ஏன் அதையே நோண்டிக்கினு இருக்கே என்கிறார். இஷ்டமில்லை என்று நீ எழுதியிருந்தால் விட்டிருப்பேன். வராது என்றல்லவா எழுதியிருக்கிறாய். அதே வார்த்தையைப் போன மாதம் வேறொரு வாயிலிருந்து கேட்டேன், அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று நீ அறிவாய், சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலில் மாவிலை, பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவிய தலை. இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பிள்ளைகளின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எச்.எம்.மிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் வீட்டில் இருந்துவிட வேண்டும், ரிஜிஸ்டரில் லீவு என்று இருக்கும், அதிகாரியும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுப் போவார். பத்தொன்பது வருஷமாக நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷமும் முந்தின நாள் மதியம் எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு காகிதத்தை எடுத்தேன். ஒரு பெயர்கூட எழுதவில்லை, அதற்குள் மூன்றாம் வகுப்புப் பெரியநாயகி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் நீலாம்பாள் இருக்கிறாளே, அவள் பெண். நாளைக்கி நான் வர்ல டீச்சர், எனக்குப் படிப்பு வராது, எம் பேர எழுத வேணாம், நானே நின்னுக்கிறேன் என்றாள். அழவில்லை. எனக்கு ஏதோ உதவி செய்வதுபோலச் சொன்னாள்.

சுகிர்தம், எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஏழு வயதுப் பெண், யாரும் நிறுத்துவதற்கு முன்னால் தானே நின்றுகொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறாள், கற்றுக்கொடுத்தது யார், நான். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எச்.எம். சபாபதி சாரிடம் போய் என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள் என்றேன். அவர், என்னம்மா புதுசா பேசிக்கினு இருக்கீங்க, ரிமார்க் வந்தா உங்க தலையிலதான் விடியும், தாமல் கிராமத்துக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க என்றார். தாமலுக்கு பஸ் இருக்குது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் எட்டு வீட்டுக்கும் நடந்தேன். நீலாம்பாள் கையில் சுற்றுகிற நூலை விடாமலேயே, அதுக்குப் படிப்பு ஏறாது டீச்சர், அதுவே சொல்லிக்கினு இருக்குது என்றாள். அது சொன்னா நீயும் நம்பிடுவியா, நாளைக்கு அனுப்பு, இல்லாட்டி நானே வந்து இட்டுக்கினு போவேன் என்று சண்டைக்கு நின்றேன். ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வீட்டில் எவ்வளவு சொல்லியும் அனுப்பவில்லை. வந்தவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்தேன், தெரியாததைத் தெரியாது என்று நிமிர்ந்து சொல்லுங்கள், தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள், யாரும் தலையைக் குனிய வேண்டாம். அதிகாரி நேராகப் பெரியநாயகியைத்தான் எழுப்பினார், கரும்பலகையில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். தெரியல சார் என்றாள். பிறகு என்னதான் தெரியும் என்று கேட்டார். ஏழாம் வாய்ப்பாடு பாதி தெரியும் சார் என்று ஆரம்பித்து, ஏழஞ்சு முப்பத்தஞ்சு வரை கணீரென்று சொல்லி, இவ்ளோதான் சார் என்று முடித்து, அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

அதற்காக எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்காதே. மூன்றாம் வகுப்பு வாசிப்பில் பின்தங்கியுள்ளது என்று ரிமார்க் எழுதிப் போனார், எனக்கு மெமோ வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மாற்றல் வருமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் எழுதியது உண்மையான ரிமார்க். இப்போது மணி அடித்த பிறகு அந்த ஆறு பேரையும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறேன். பெரியநாயகி இன்னும் தடவித் தடவித்தான் படிக்கிறாள், ஆனால் முந்தாநாள் பக்கத்துப் பையன் அவள் வரியைத் தானே படிக்கப் பார்த்தபோது, என் வரி, நான் படிக்கிறேன் என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பிடுங்கலுக்காக நான் தாமலுக்கு நடந்தேகூடப் போவேன்.

இனி எழுத வேண்டியது கஷ்டமான விஷயம். நீ நாலாவது படிக்கும்போது என் வகுப்பில்தான் இருந்தாய். அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷன் அன்று தம்பிக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள் என்று உன்னை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அவனுக்குக் காய்ச்சல் இல்லை. உனக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை, டீச்சர் மகளே மக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. துண்டுக் காகிதத்தில் உன் பெயரை நானேதான் எழுதினேன். சாயங்காலம் நான் வந்தபோது தம்பி தெருவில் ஆடிக்கொண்டிருந்தான், நீ வாசற்படியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெற்றவள் கேட்பது உனக்குச் சங்கடமாக இருந்தால் உன் நாலாம் வகுப்பு டீச்சர் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்.

கடிதம் கிடைத்ததும் மேட்ரன் அம்மாவிடம் போய் அந்தப் பாரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கு. வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே கேள். படித்துப் பார்த்துத் தேறாமல் போனால் தேறவில்லை என்று நிமிர்ந்து எழுது, அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போய்ப் பார்க்காமலே வராது என்று மட்டும் இனி எழுதாதே. அது நீ உன்னைப் பற்றிக் கண்டுபிடித்தது இல்லை சுகிர்தம், நான் எழுதிக் கொடுத்தது, எழுதின கையே அதை இப்போது கோடு போட்டு அடித்துவிட்டது.

ஆண்டவர் உன் பக்கத்தில் இருப்பார். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தம்பி அன்பு சொன்னான். மார்ச் பத்து, நினைவிருக்கட்டும், மனுப் போட்ட அன்றே ஒரு கார்டு எழுது.

உன் அம்மா,
தே. மரியம்மாள்