குடும்பத்துக்கு எழுதாத கட்டம்

ஜூன் 18, புதன்

இன்று குடிபாலா சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம். பாஸ்டரம்மா ஜெயம்மா ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். நாலு கட்டம்: கர்த்தர், குடும்பம், வேலை, ஓய்வு. வாரத்தில் எதற்கு எத்தனை மணி நேரம், கையில் வருவதில் எதற்கு எவ்வளவு என்று எழுத வேண்டுமாம். மூன்றாவது வரை படித்த கை, மெதுவாகத்தான் போனது. பென்ஷனில் பத்தில் ஒரு பங்கு, உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைக்கிற பிடி அரிசி, ஞாயிறு முழுக்க — கர்த்தர் கட்டம் நிரம்பிவிட்டது.

ஜெயம்மா எட்டிப் பார்த்தாள். "குடும்பத்துக்கு ஒண்ணுமே எழுதலியேக்கா?"

எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. மறக்க மாட்டேன்.

ஜூன் 19

இருக்கிறது ஒரே மகள், ரூபா. ரேணிகுண்டாவில் பேக்டரி வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. எனக்கு ஞாயிறு மட்டும்தான் கிடையாது. என்னத்த எழுதச் சொல்றா அந்தம்மா?

ஜூன் 20, வெள்ளி

2019 நவம்பர் 24. பேத்தி ஏஞ்சலுக்கு முதல் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு நாலு நாள் முன்னால் ரூபா போன் செய்தாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம எனக்குக் குடும்மா" என்றாள். அது என்னுடையது இல்லை, கர்த்தருடையது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? அந்த ஞாயிறே சர்ச்சில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். பெருமையாக இருந்தது. எங்கள் சர்ச்சுக்கு வருகிற நாகையா பெண்டாட்டி அதை ரூபா காதில் போட்டுவிட்டாள். அவளோடு இன்றுவரை நான் பேசுவதில்லை. ரூபா என்னோடு பேசுவதில்லை.

அவள் சொல்லாவிட்டால் மட்டும்? சொன்னது நான்தானே.

ஜூன் 22, ஞாயிறு

முன்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பிரசங்கம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கா இப்படி.

ஜூன் 29, ஞாயிறு

முதல் பஸ்ஸில் சித்தூர். அங்கிருந்து திருப்பதி, பிறகு ரேணிகுண்டா. கதவைத் திறந்தது ஏஞ்சல். ஆறரை வயசு, என் அம்மாவின் நெற்றி. "மீரு எவரு?" என்றது. நீங்கள் யாரென்று தெலுங்கில் கேட்கிறது, கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆளைக் கேட்பது போல.

பின்னால் ரூபா. வா என்று சொல்லவில்லை.

"கர்த்தரு இன்னிக்கு லீவு குடுத்துட்டாரா?"

"கேக்கலடி. நானே எடுத்துக்கினேன்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

பத்து மணிக்கு எங்கள் சர்ச்சில் ஆராதனை தொடங்கியிருக்கும். நான் ஏஞ்சலுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பென்றால் கர்த்தர் என்னைக் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

இன்னும் ஊருக்குப் போகவில்லை. ரூபா வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். நாலு மணிக்கு ஸ்கூல் விடும் என்று மட்டும் சொன்னாள்.