எட்டு வருஷம் எந்த நாளிலிருந்து?

7-4-2024, ஞாயிறு
இந்த நோட்டிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் ஏறி இறங்குகின்றன. நாற்பது வருஷம் மைசூர் முழுக்கத் தரைக்கு டைல் ஒட்டினவன் நான், ஒரு கல் கோணலாகப் போனதில்லை. எழுத்து மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. எழுபத்தொரு வயதில் பேனா பிடித்தால் இப்படித்தான். இருந்தாலும் என் கையால் எழுதியது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

மகள் பூங்குழலிக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. காலையில் இரண்டு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

10-4-2024
பூங்குழலி நர்சிங் காலேஜில் டீச்சர். அவள் மேல்படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. அந்த வட்டிக்கு வருமான வரியில் சலுகை உண்டாம். ஆனால் எட்டு வருஷத்துக்குத்தான். அது முடிந்தது என்று காலேஜ் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இனி மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வரி பிடிப்பார்கள்.

சலுகைக்குக்கூடப் பால் பாக்கெட் மாதிரி தேதி போட்டிருக்குமா? கேட்டேன்.

மாப்பிள்ளை தருண்குமார் சொன்னார்: "நாலு எழுத்து தெரிஞ்சதும் மாமா ஆடிட்டர் ஆயிட்டாரு."

13-4-2024
அந்த ஆயிரத்தைச் சரிக்கட்ட, மே மாதத்திலிருந்து ஞாயிறு காலையில் ஒரு கிளினிக்கில் வேலைக்குப் போகிறாளாம்.

"அப்ப பாடம்?"

"எப்பவாவது சாயங்காலம் பாக்கலாம்ப்பா."

எப்பவாவதுன்னா? அவளுக்கு இருக்கிற ஒரே லீவும் போச்சு. என் பாடமும் போச்சு.

15-4-2024
எழுதப் பிடிக்கவில்லை.

17-4-2024
ஒரு சந்தேகம். எட்டு வருஷம் என்றால் எந்த நாளிலிருந்து?

எங்கள் தொழிலில் பத்து நாள் வேலை என்று பேசினால், டைல் வந்து இறங்கிய நாள் கணக்கில் சேராது. முதல் கல் ஒட்டிய நாள்தான் ஒண்ணாம் நாள். மண்டி மொஹல்லாவில் ஒரு கடைக்காரரிடம் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன்.

கடன் வாங்கியது 2016. ஆனால் அவள் படிப்பு முடித்து, வேலைக்குப் போன பிறகுதானே வட்டி கட்டினாள்? முதல் தடவை பாங்கில் கூடவே நின்றேனே. பீரோவிலிருந்து கடன் பாஸ்புக்கை எடுத்தேன். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். முதலில் கட்டியது 2018, பத்தாம் மாதம்.

18-4-2024
காட்டினேன்.

"ஆபீஸ்ல கடன் லெட்டர் தேதியைத்தான்ப்பா பார்த்தாங்க."

"லெட்டர் வந்தது டைல் இறங்கின மாதிரி. நீ கட்டினது எப்போ?"

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடினாள். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை ஆடிட்டர் என்று சொல்லவில்லை.

24-4-2024
விசாரித்துவிட்டாள். வட்டி கட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்துதான் எட்டு. ஆக, இந்த வருஷமும் அடுத்த வருஷமும் சலுகை உண்டு. பாங்கில் கடிதம் வாங்கிக் கொடுத்தாள், ஆபீசில் சரி என்றார்கள். கிளினிக்குக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஆயிரம் போகத்தான் போகும். போகட்டும். ஒரு சட்டத்துக்குள் இவ்வளவு இருக்கிறதா? மற்ற சலுகைகளுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்?

28-4-2024, ஞாயிறு
பாடம் அரைமணி நேரம்தான் நடந்தது. எழுதிப் பார்க்கப் பத்து வார்த்தை சொல்கிறேன் என்றவள், ஆறாவது வார்த்தையில் பாயிலேயே தூங்கிவிட்டாள். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மாப்பிள்ளை எழுப்பப் போனார், கையைக் காட்டி நிறுத்தினேன். மீதி நாலு வார்த்தையை அடுத்த ஞாயிறு கேட்டு இங்கே எழுதுகிறேன்.