செவலை தின்றது லாலாங்

என்னைப் பெத்த மகராசி அம்மாவுக்கு,

வயிற்றெரிச்சலோடு போனாயே, உன் வயிற்றில் பால் வார்க்கத்தான் எழுதுகிறேன். எஸ்டேட் ஆபீஸ் கணக்கெழுதிய பெரிய கிராணியின் முகம் போன ஞாயிறு போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்!

எழுபத்து மூன்றில் நம் ரப்பர் எஸ்டேட்டில் காலைப் பெரட்டு. பேர் கூப்பிடும் அந்த வரிசையில், எல்லார் முன்னாலும் அவர் உன்னைத் தனியாக நிறுத்தினார்.

"ரெண்டு வருஷமா தொரையோட ரப்பர் கன்னுகளத் தின்னுதான் ஒன் மாடு கொழுத்துக் கெடக்கு. திருட்டுக் கழுத!"

"இல்லங்கய்யா, லாலாங் புல்லத் தவிர அது எதையும் தொடாதுங்க" என்று கும்பிட்டாய். யார் கேட்டார்கள்? அன்றைக்கே நம் செவலைப் பசுவைச் சுட்டார்கள். உன் வேலையும் போனது. லயத்து வீட்டைக் காலி செய்யுமுன் நீ ஒற்றை ஆளாகக் குழிவெட்டி அதைப் புதைத்தாய். ஈப்போ பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்தபின்னும் "மாட்ட விட்டுத் திருடின பொம்பள" என்ற பேர் கூடவே வந்தது. சாகும்வரை அது உன்னை விட்டதா?

உண்மைக் காரணம் லயத்துக்கே தெரியும். அவர் வீட்டுக்கு ரெண்டு வருஷமாகச் சும்மா ஊற்றிக்கொண்டிருந்த பாலை, கன்றுக்குப் பத்தவில்லை என்று அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தாய். பாவி மனுஷன்!

இப்போது என் வேலை என்ன தெரியுமா? ஈப்போ சுண்ணாம்புக் குகைகளில் கிடைக்கும் பழங்காலத்து மான், காட்டு மாடு எலும்புகளைப் பொடியாக்கி, அவை என்ன தின்றன என்று கண்டுபிடிப்பது. தின்றது எலும்பில் தங்கிவிடுமாம். லாலாங் மாதிரி வெயில் புல்லில் உள்ள கார்பன் ஒரு மாதிரி, மரத்தழையிலும் ரப்பர் கன்றிலும் உள்ளது வேறு மாதிரி. அதைவைத்தே அந்தக் காலத்தில் இங்கே காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று சொல்லிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காலத்து மாடு ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியர்.

எந்த மாட்டை எடுத்திருப்பேன் சொல்?

எஸ்டேட் முழுக்க இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை. லயத்துக்குப் பின்னால் நானே தோண்டினேன். தாடை எலும்பு கையில் பட்டதும் ஓவென்று அழுதேன். பிறகு பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாதென்று லாலாங்கையும் ரப்பர் இலையையும் சேர்த்தே சோதித்தேன்.

குகை மாடுகள் தழை தின்று காட்டில் வாழ்ந்தவை. நம் செவலை? லாலாங் அம்மா, சுத்தமான லாலாங்!

போன ஞாயிறு புந்தோங் கோயில் மண்டபத்தில் பழைய எஸ்டேட் ஆட்கள் கூடினார்கள். நடுநாயகமாகக் கிராணி, கழுத்தில் மாலை. "படிச்ச பொண்ணு, ரெண்டு வார்த்த பேசும்மா" என்றார்கள். குகையில் தொடங்கிச் செவலையில் முடித்தேன். பெரட்டில் நின்றவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். கிராணி சிரித்தார்.

"எந்த மாடுலா அது? எனக்கு ஞாபகமே இல்லயே."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மைக்கை விடவில்லை.

"ரெண்டு வருஷம் ஓசியில பால் குடிச்சீங்களே, அந்த மாடு. உங்களுக்கு மறந்தாலும் உங்க எலும்புக்கு மறந்திருக்காது ஐயா. செவல தின்ன லாலாங் கொஞ்சமாச்சும் அதுல இன்னும் இருக்கும்."

பின்னாலிருந்து நம் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா கத்தினார்: "திருட்டு மாடுன்னு தெரிஞ்சேதான் அந்தப் பாலக் குடிச்சீங்களாலா?"

மண்டபமே சிரித்தது. கிராணி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் நான் கொடுக்கப் போவதில்லை. என் ஆய்வுக் கட்டுரை அச்சாகும்போது அட்டவணையில் செவலைக்கு நேரே சொந்தக்காரி என்று உன் பேரும், தீனி லாலாங் என்றும் இருக்கும். முதல் பிரதி அவர் வீட்டுக்குப் போகும். கிழித்தால் இன்னொன்று போகும். அவர் மூச்சு உள்ளவரை அனுப்புவேன், இது உன்மேல் சத்தியம்.

திருடாத மாட்டுக்காரியின் மகள்,
கமலா