மிச்சம் இரண்டு

அன்புள்ள பாய்,

உங்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய ஜிம் பையை இன்று காலைதான் திறந்தேன். இரண்டு மாதமாக அது என் அலமாரியின் மேல் இருந்தது. உள்ளே ஒரு துண்டு, இடுப்புப் பட்டை, நீங்கள் எலுமிச்சை உப்புத் தண்ணீர் கொண்டுவரும் எவர்சில்வர் பாட்டில். பக்கவாட்டு ஜிப்பை இழுத்ததும் லேசாக நெய் வாசம் வந்தது. சின்ன டப்பாவில் ஒரே ஒரு மக்கன் பேடா, நம்ம ஆற்காட்டு இனிப்பு, கல்லைப் போல இறுகிக் கிடந்தது. நீங்கள் அரிசியையும் சர்க்கரையையும் விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் பேடா யாருக்காக என்பது எனக்குத் தெரியும். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருடம் ஒரே தோல் தொழிற்சாலையில் இருந்தோம். நீங்கள் தோலுக்கு எண்ணெய் ஏற்றும் டிரம்களுக்கு மேஸ்திரி, நான் பரிசோதனைக் கூடத்தில். என்னைவிட இரண்டு வயது இளையவரான நீங்கள், லேப்காரன் என்பதால் என்னை 'லேபு' என்று ஒருமையில் கூப்பிட்டீர்கள். எனக்கோ கடைசிவரை 'நீ' வாயில் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

என் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் காலை கட்டிலோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிபடவில்லை. ஆனால் என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால்காரர் வரும்வரை இருவரும் தரையில்தான் இருந்தோம். விஷயம் கேள்விப்பட்ட மகன், இன்னொரு முறை இப்படி நடந்தால் அம்மாவை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றான். அவன் சொன்னது தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்களிடம் மட்டும் சொன்னேன்.

"கையப் பாரு லேபு, முருங்கக்கா மாதிரி கீது. நாளைக்கு எங்கூட ஜிம்முக்கு வா."

"எழுபது வயசு பாய் எனக்கு."

"எனக்கு அறுபத்தெட்டு. இன்னா இப்போ?"

எனக்கும் சர்க்கரை இருந்ததால் உங்கள் சாப்பாட்டு முறையையும் கேட்டுக்கொண்டேன். முட்டை, கறி, கீரை, நெய். சோறு மட்டும் இல்லை. "சோத்த மட்டும் கம்மி பண்ணா இருக்கிற சதையும் கரைஞ்சிடும். எடையும் தூக்கணும். அத்தினி வருசம் தோலுக்கு எண்ணெய் குடுத்து மெத்துன்னு ஆக்குனேன், எனக்கு நானே குடுத்துக்கக் கூடாதா?" என்றீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொன்னீர்கள். சரி என்று தலையாட்டினேன்.

உங்கள் தங்கை மகள் கல்யாணத்தில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நால்வர் உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பிரியாணி அரிசியை என் பக்கம் தள்ள, நான் எதிரில் இருந்தவர் பக்கம் தள்ள, அவர் கையை எடுத்துவிட்டார். "பீஸெல்லாம் நீங்க ரெண்டு பேரே துன்னுட்டா, நாங்க இன்னா கல்யாணத்துக்கு வந்து சோறு மேய்க்கிறதா?" சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது.

நான் செய்த தவறு அதற்கடுத்த வாரம். ஜிம்முக்கென்று ஒரு நோட்டு போட்டிருந்தேன். தேதி, எடை, எத்தனை முறை, கடைசிக் கட்டத்தில் 'அறுந்த எடை'. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான். ஒரு தோல் துண்டை இரண்டு பக்கமும் கவ்வி, கிழியும்வரை இழுப்போம். கிழிந்த இடத்து எண்தான் அதன் வலிமை; அதற்கு முன்னால் எழுதுவதெல்லாம் ஊகம். என் வலிமையையும் அப்படியே அளக்க நினைத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் எடையைக் கூட்டிக்கொண்டே போனேன். திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கண் இருண்டது. கம்பி நழுவி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

நினைவு தப்பவில்லை. நீங்கள் என் வாயில் எதையோ வைத்து, "மெல்லு, மெல்லு" என்று அதட்டினீர்கள். மக்கன் பேடா. சற்றுத் தெளிந்ததும் கேட்டேன், உங்கள் பையில் இனிப்பு எப்படி என்று.

"நீ டாக்டர்கிட்ட கேட்டிருக்க மாட்டே. சோத்த வுட்டுட்டு மாத்திரைய முழுசா போட்டிருப்பே. சர்க்கர எறங்கிடும்னு முதல் நாள்லேர்ந்தே வச்சிக்கினு கீறேன்."

டாக்டர் திட்டுவார் என்ற பயத்தில் நான் போகவேயில்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். பிறகு என் நோட்டை வாங்கிப் புரட்டினீர்கள். கடைசிக் கட்டத்தில் உங்கள் விரல் நின்றது.

"இன்னா இது, அறுந்த எடை?"

சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தோலு செத்துப்போனது லேபு. கிழிஞ்சா நம்பர் எழுதிக்கலாம். நீ கிழிஞ்சா யாரு எழுதறது? ஒடம்பு கிழியறதுக்கு முன்னாடி வுட்டாத்தான் நாளைக்கு வளரும்."

அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, கோணல் எழுத்தில் 'மிச்சம்' என்று எழுதினீர்கள். இன்னும் எத்தனை முறை தூக்க முடியும் என்று தோன்றுகிறதோ, அதை எழுத வேண்டும். இரண்டு மிச்சமிருக்கும்போதே கம்பியை வைத்துவிட வேண்டும். மறுநாள் டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போய், "இவரு பயந்தவரு, நான் சொல்றேம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னீர்கள். நான் பயந்த அளவுக்கு அவர் திட்டவில்லை. மாத்திரையைக் குறைத்தார். அன்றிலிருந்து ஏழு மாதம், வாரம் மூன்று நாள். எடை மெல்ல ஏறியது.

மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி என்றார்கள். எட்டு நாள்தான். தெருவில், "அரிசிய வுட்டான், ஆளே போய்ட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். ஆனாலும் நான் இப்படிப்பட்டவன்தானே, சந்தேகம் வந்துவிட்டது. சோற்றுக்கும் திரும்பவில்லை, ஜிம்முக்கும் போகவில்லை. உங்கள் பையைத் திறக்காமல் மேலே வைத்தேன்.

நேற்று மாலை அவள் மறுபடியும் சரிந்தாள், அதே கட்டிலோரம். மகன் சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. பிறகு உங்கள் குரல்: "முதுகுல இல்ல, தொடையில." குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் கைகளை என் தோளில் போட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து எழுந்தேன். அவளும் என்னோடு எழுந்தாள். கட்டிலில் உட்கார வைத்த பிறகும் நம்ப முடியாமல் நின்றிருந்தேன்.

"இன்னாங்க, பொசுக்குன்னு தூக்கிட்டீங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாய் இருந்தா இந்நேரம் தெருவெல்லாம் சொல்லியிருப்பாரு." சற்றுப் பொறுத்து, "நாளையிலேர்ந்து போங்க. எனக்கும் உக்காந்த எடத்துல எதனா தூக்கச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

இன்று காலை சமையலறையிலிருந்து ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஐந்து முறை தூக்கினாள். அதன் பிறகுதான் உங்கள் பையைத் திறந்தேன். பழைய பேடாவை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி அதே டப்பாவில் வைத்திருக்கிறேன். இனி அந்தப் பையோடுதான் போகிறேன்.

நோட்டையும் எடுத்தேன். நேற்றைய தேதி. எடை: அவளிடம் கேட்கவில்லை, கோபித்துக்கொள்வாள். எத்தனை முறை: ஒன்று. கடைசிக் கட்டத்தில், உங்கள் எழுத்துக்குக் கீழே, வெகுநேரம் யோசித்து எழுதினேன்.

மிச்சம்: இரண்டு.